பெய்டு, டு பே, அக்கவுண்ட்: ஜாவா ஈனத்தோடு இருபது வருடம்

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாவா நிரல்மொழியில் ஒரு வகைக்கு உரிய பெயர்களை மட்டும் பட்டியலிட்டு வைக்கும் வசதி ஒன்று உண்டு, அதன் பெயர் enum. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் இதை "ஈனம்" என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, நம் வாயில் விழும்போது இப்படித்தான் விழுகிறது. "அந்த ஈனத்தை எவன் தொட்டது?" என்று நான் ஒருநாள் ஹாலில் கத்தியபோது, தண்ணீர் கேன் போட வந்த பையன் காசுகூட வாங்காமல் இறங்கிப் போய்விட்டான். முதல் எழுத்தைக் குறிலாக்கி "இனம்" என்று சொல்லிப் பழகியிருந்தால் பொருளும் சேர்ந்திருக்கும், ஒரே இனத்தைச் சேர்ந்த நாலைந்து பெயர்கள் என்பதுதானே விஷயம். பழகிவிட்டது, இனி மாற்ற முடியாது. கீழே எல்லாமே ஈனம்தான்.

நான் கோயம்புத்தூரில், லாரி பார்சல் சர்வீஸ்காரர்களுக்கு புக்கிங் மென்பொருள் எழுதிக்கொடுக்கும் ஆறு பேர் கம்பெனியில் இருக்கிறேன். ஜாவா 1.4 காலத்தில், 2003ல் வேலைக்குச் சேர்ந்தவள். ஜாவாவில் வந்துபோன எத்தனையோ வசதிகளில் தினமும் கை வைப்பது என்று பார்த்தால் எனக்கு ஈனம்தான் முதலில் வரும். மிக்ஸி, கிரைண்டருக்கெல்லாம் ஐந்து வருடம் கழித்து விமர்சனம் எழுதுகிறார்கள், இதற்கு ஏன் யாரும் எழுதுவதில்லை என்று தோன்றியது. விலை இல்லை, ஜாவாவோடு கூடவே வருகிறது. என் மதிப்பெண் 5க்கு 4. அந்த ஒன்று எங்கே போனது என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இது வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாதவர்களுக்கு இதன் அருமை தெரியாது. பார்சல் ஆபீஸில் சரக்கை வைத்ததும் கவுண்டரில் கேட்கும் முதல் கேள்வி, "பெய்டா, டு பேயா?" அனுப்புகிறவர் இங்கேயே கட்டினால் பெய்டு. எடுக்கிறவர் அங்கே கட்டினால் டு பே. மாதம் முழுக்க மூட்டை அனுப்பிவிட்டு மாசக் கடைசியில் மொத்தமாக பில் வாங்கிக்கொள்கிற மில்களுக்கு அக்கவுண்ட். இந்த மூன்றையும் 1, 2, 3 என்று வெறும் முழு எண்களாக வைத்திருந்தோம். டெலிவரி வகையும் எண்தான்: குடோன் டெலிவரி 1, டோர் டெலிவரி 2. வாடகை கணக்குப் போடும் மெத்தடுக்கு, அதாவது நிரலில் அந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு, இந்த இரண்டையும் அனுப்ப வேண்டும். ஒரு புதிய திரையில் எங்களில் ஒருவர் இரண்டையும் இடம் மாற்றி அனுப்பிவிட்டார். நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்த்துப் பிழை பார்க்கும் கம்பைலருக்கு இரண்டும் எண், வாயே திறக்கவில்லை. பெய்டு போட்டு டோர் டெலிவரி கேட்ட சரக்கெல்லாம் எல்.ஆர். என்ற லாரி ரசீதில் டு பே, குடோன் டெலிவரி என்று அச்சாகிப் போயின. திருப்பூரில் காசு கட்டிய மூட்டைக்கு ஈரோட்டில் மறுபடி காசு கேட்டார்கள். லாக்கைத் திறந்து பார்த்தால் "வகை 2" என்று இருந்தது. எந்த வகையில் 2?

இன்னொரு கூத்தும் உண்டு. இப்படி நிலையாக அறிவித்த எண்களை ஜாவா கம்பைலர், பயன்படுத்தும் இடத்திலேயே நேராகப் பதித்துவிடும். மூலக் கோப்பில் 3ஐ 4 ஆக்கிவிட்டு அந்த ஒரு கோப்பை மட்டும் கம்பைல் செய்து அனுப்பினால், மற்ற கிளாஸ்களுக்குள் (நிரலின் மற்ற துண்டுகளுக்குள்) பழைய 3 அப்படியே உட்கார்ந்திருக்கும். அப்போது கிளைகளுக்கு மாறிய கோப்புகளை மட்டும் சிடியில் போட்டு பஸ்ஸில் கொடுத்து அனுப்புவோம். எத்தனை முறை தலையைப் பிய்த்துக்கொண்டோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

2004 செப்டம்பர் 30 அன்று ஜாவா 5 வந்தது. ஜெனரிக்ஸ், அனோடேஷன் எல்லாம் அதில்தான் வந்தன, ஈனமும் அதில்தான். எங்கள் வாடிக்கையாளர்கள் அதற்கு மாறி முடிக்க 2007 ஆகிவிட்டது. மாறிய அன்றே ஒரு வேடிக்கை. பழைய ஜாவாவில் வெக்டர் என்ற பட்டியலைச் சுற்றிவர எனுமரேஷன் என்று ஒன்றைப் பயன்படுத்துவோம். அதை வைக்கும் மாறிக்கு, நாங்கள் மட்டுமில்லை, உலகத்தில் பாதிப் பேர் இதே நான்கெழுத்துப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஜாவா 5ல் அது மொழியின் சொந்தச் சொல்லாகிவிட்டதால் அந்த வரிகள் அத்தனையும் பிழை. ஒரு மதியம் முழுக்க மூன்று பேர் உட்கார்ந்து பெயர் மாற்றினோம்.

எண்ணிட்ட வகை, அதாவது ஈனம், என்ற யோசனை ஜாவா கண்டுபிடித்ததில்லை. 1970ல் நிக்லாஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல் மொழியிலேயே இருந்தது. சி மொழியிலும் உண்டு, ஆனால் அங்கே பெயர் மட்டும்தான் மேல்பூச்சு, சுரண்டிப் பார்த்தால் அடியில் முழு எண். ஜாவாக்காரர்கள் தாமதமாக வந்தாலும் வேறு மாதிரி செய்தார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு முழு ஆப்ஜெக்ட், தனக்கென்று தரவும் செயலும் உள்ள பொருள். அதற்கு ஃபீல்டு (தரவு) வைக்கலாம், கன்ஸ்ட்ரக்டர் (உருவாகும்போது தரவைக் கொடுக்கும் வழி) வைக்கலாம், மெத்தட் வைக்கலாம், இன்டர்ஃபேஸைச் செயல்படுத்தலாம். வெளியிலிருந்து யாரும் நியூ போட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்க முடியாது. பெய்டு என்பது அந்த நிரல் ஓடும்வரை ஒரே ஓர் ஆப்ஜெக்ட்தான், அதனால் இரண்டு சமக்குறி போட்டே ஒப்பிடலாம்.

இதன் சுவை எனக்குப் பிடிபட்டது எங்கள் கட்டண வகையை மாற்றி எழுதியபோதுதான். அதுவரை நிரல் முழுக்க "பெய்டு என்றால் இது, டு பே என்றால் அது" என்று இஃப் எல்ஸ் சிதறிக் கிடந்தது. எல்.ஆர். அச்சடிக்கும் இடத்தில் ஒன்று, கேஷ் முடிக்கும் இடத்தில் ஒன்று, டெலிவரி கவுண்டரில் ஒன்று, லோடுமேன் ஹமாலி கூலியை யார் தலையில் போடுவது என்பதில் ஒன்று. எண்ணிப் பார்த்தபோது 17 இடங்கள். ஈனமாக்கியதும், "காசு யாரிடம் வாங்குவது", "எந்த ஆபீஸ் கணக்கில் வரவு வைப்பது" என்ற இரண்டு கேள்விகளை அப்ஸ்ட்ராக்ட் மெத்தடாக, ஒவ்வொரு பெயரும் தானே பதில் எழுத வேண்டிய கேள்வியாக, மேலே அறிவித்தோம். பெய்டு தன் பதிலைத் தானே வைத்துக்கொண்டது: அனுப்புகிறவர், புக்கிங் ஆபீஸ். டு பே தன் பதிலை வைத்துக்கொண்டது: எடுக்கிறவர், டெலிவரி ஆபீஸ். அக்கவுண்டுக்கு மில்லின் லெட்ஜர். மற்ற இடங்களில் இஃப் போய், "நீயே சொல்லு" என்று அதைக் கேட்கும் ஒரு வரி வந்தது.

ஒரு வருடம் கழித்து எஃப்.ஓ.சி. வந்தது. கம்பெனியின் சொந்த பில் புக், டயர், முதலாளி வீட்டு மாம்பழக் கூடை எல்லாம் காசில்லாமல் போவது. பட்டியலில் நான்காவது பெயரைச் சேர்த்தேன். கம்பைலர் உடனே பிடித்துக்கொண்டது: இரண்டு மெத்தடுக்கும் பதில் எழுதாமல் விடமாட்டேன் என்றது. எழுதினேன். அந்த இரண்டு கேள்விகள் வருகிற இடங்களெல்லாம் தானாகவே சரியாகிவிட்டன. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்று கல்லூரியில் நாய், பூனை, குரைப்பது, கத்துவது என்று சொல்லிக்கொடுத்ததைவிட, இந்த மாம்பழக் கூடைதான் எனக்குப் புரியவைத்தது.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. அதே ஈனத்தை வைத்து ஸ்விட்ச், அதாவது எந்தப் பெயர் வந்தால் என்ன செய்வது என்ற பட்டியல், போட்டிருந்த பழைய இடங்கள் இரண்டு பாக்கி இருந்தன. பழைய ஸ்விட்ச், பட்டியலில் ஒன்று விட்டுப்போனால் கண்டுகொள்ளாது. அதிலும் ஒன்றில் யாரோ "எதுவுமில்லை என்றால் அக்கவுண்ட்" என்று டிஃபால்ட் போட்டிருந்தார்கள். மாசக் கடைசியில் மாம்பழக் கூடைக்கு பில் போனது, பெறுநர் இடத்தில் முதலாளியின் மனைவி பெயர். 2020 மார்ச்சில் ஜாவா 14 வந்தபோது ஸ்விட்சையே விடையாக ஒரு மதிப்புத் தரும்படி எழுதும் வசதி நிலையானது. அதில் ஈனத்தின் எல்லாப் பெயருக்கும் பதில் இல்லாவிட்டால் கம்பைல் ஆகாது. எங்கள் அலுவலகத்தில் இப்போது சட்டமே உண்டு: ஈனத்து ஸ்விட்சில் டிஃபால்ட் எழுதினால் அன்றைக்கு டீ அவர் செலவு. டிஃபால்ட் போட்டுவிட்டால் அந்தக் கம்பைலர் காவல் நின்றுவிடுகிறது அல்லவா, அதனால்.

சரி, ஞாயிற்றுக்கிழமை.

2014 என்று நினைவு. எழுதியது வேறு யாரும் இல்லை, நான்தான். சரக்கின் நிலைக்கு ஓர் ஈனம் இருந்தது. புக்கிங் ஆனது, லோடு ஆனது, குடோனுக்கு வந்தது, டெலிவரி ஆனது, திரும்பியது என்று ஐந்து. வழியில் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற்றினால் அதுவும் தெரிய வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். வண்டி மாற்றம் எப்போது நடக்கும்? லோடு ஆன பிறகு, குடோனுக்கு வரும் முன். ஆகவே அழகாக, வரிசை கெடாமல், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் சேர்த்தேன். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு சர்வரில் ஏற்றிவிட்டு, ஒரு சின்ன வேலை முடிந்தது என்று தூங்கப் போனேன்.

காலையில் போன். அந்த வாடிக்கையாளரின் டெலிவரி ஆபீஸில் இருக்கும் பெரியவர், எப்போதும் என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங்க அம்மணி, போன மாசமே எடுத்துட்டுப் போன மூட்டைக்கெல்லாம் வந்து எடுத்துக்குங்கன்னு மெசேஜ் போயிருக்குதுங்க. கூட்டம் வந்து நிக்குதுங்க இங்க."

"எத்தனை பேர்ங்க வந்திருக்காங்க?"

"அதை எண்ணறதுக்குள்ள இன்னும் நாலு பேரு வந்துட்டாங்க. டெமரேஜ் வேற போட்டிருக்குதாமா. ஒருத்தர் கத்தறார்."

என்ன நடந்தது என்று கேட்டால், நாங்கள் தரவுத்தளத்தில் நிலையைச் சேமித்த விதம். ஜாவாவிலிருந்து டேபிளுக்குப் போக ஜே.பி.ஏ. என்ற இணைப்பு வசதியைப் பயன்படுத்துகிறோம். அதில் ஈனத்தை எப்படிச் சேமிப்பது என்று நாம் எதுவும் சொல்லாவிட்டால், பெயரைச் சேமிக்காது. பட்டியலில் எத்தனையாவது என்ற வரிசை எண்ணைச் சேமிக்கும், பூஜ்யத்திலிருந்து. குடோன் 2, டெலிவரி 3, திரும்பியது 4 என்று லட்சக்கணக்கான வரிகள் கிடந்தன. நான் நடுவில் ஒன்றைச் செருகியதும் 2 என்பது வண்டி மாற்றம் ஆகிவிட்டது, 3 என்பது குடோன், 4 என்பது டெலிவரி. டெலிவரி ஆன அத்தனை மூட்டையும் ஒரே ராத்திரியில் குடோனுக்குத் திரும்பி வந்துவிட்டன. குடோனில் நாள் கடந்து கிடக்கும் சரக்குக்கு டெமரேஜ் போடும் வேலை காலை ஆறு மணிக்குத் தானாக ஓடும். அது தன் கடமையைச் செய்தது. திரும்பி வந்த சரக்கெல்லாம் டெலிவரி ஆனதாகக் காட்டியது, அதை யாரும் கவனிக்கவில்லை, யாருக்கும் அதில் நஷ்டம் இல்லை போல.

பழைய நிரலைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆகாது. சனி ராத்திரியிலிருந்து ஞாயிறு காலை வரை நிலை மாறிய சரக்குகள் புதிய எண்ணோடு பதிவாகியிருந்தன. டேபிளின் ஒரே நெடுவரிசையில் பழைய 3ம் புதிய 3ம் கலந்து கிடக்கின்றன. கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து, பதினொரு மணிக்குப் பின்னால் வந்தவற்றைத் தனியாகப் பிரித்து, எண் மாற்றி, டெமரேஜை ரத்து செய்து, மன்னிப்பு மெசேஜ் அனுப்பி முடிக்கும்போது சாயங்காலம் ஐந்தரை. அன்று மதியம் நான் சாப்பிட்டது அரை பாக்கெட் பிஸ்கட்.

ஈனத்தின் ஆவணத்தைப் பிறகு நிதானமாகப் படித்தேன். வரிசை எண்ணைத் தரும் மெத்தட் பெரும்பாலான நிரலாளர்களுக்குத் தேவைப்படாது, ஈனத்துக்கென்றே எழுதிய சிறப்புத் தரவு அமைப்புகளுக்காக வைத்தது என்று அதிலேயே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேசை மேலேயே ஏன் வைக்கிறீர்கள் என்பது என் கேள்வி. போன ஒரு மதிப்பெண் இதற்குத்தான். ஜே.பி.ஏ.யின் குறையை ஈனத்தின் மேல் போடுவதாக என் தம்பி சொல்கிறான், அவனும் நிரலாளன்தான். கத்தியைப் பிடியில்லாமல் விற்றால் வாங்கியவன் கையைத்தான் குறை சொல்வீர்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.

அந்த வாரமே மாற்றினோம். பெயரை அப்படியே எழுத்தாகச் சேமிக்கலாம், நிரலில் ஓர் அனோடேஷன், அதாவது ஒரு குறிப்பு, போதும். அதிலும் எனக்குச் சம்மதமில்லை. பெயரைத் திருத்தினால் பழைய வரிகள் அனாதையாகிவிடும். எங்கள் டெலிவரி நிலையின் ஆங்கில எழுத்துகளில் ஒன்று விட்டுப்போயிருந்தது, 2008லிருந்து அப்படியே. அதை என்றாவது திருத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டெழுத்துக் குறியீடு ஒன்றைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்தோம். டேபிளில் குறியீடு போகும், வரும்போது கன்வர்ட்டர் ஒன்று அதைப் பார்த்துச் சரியான நிலையைத் தரும். ஜே.பி.ஏ. 2.1ல், 2013ல் இந்த கன்வர்ட்டர் வசதி வந்தது, நாங்கள்தான் பார்க்காமல் இருந்திருக்கிறோம். இப்போது வரிசையை மாற்றலாம், பெயரையும் மாற்றலாம். எழுத்துப் பிழையையும் திருத்திவிட்டேன்.

டிரைவர்களின் போன் ஆப்பில் இதே மாதிரி ஒரு சின்னக் கதை உண்டு. சர்வர் புதிய நிலை ஒன்றை அனுப்பும், பழைய ஆப்புக்கு அந்தப் பெயரே தெரியாது. தெரியாத பெயரைக் கொடுத்து ஈனத்தைக் கேட்டால் ஜாவா எக்ஸெப்ஷன் வீசும், பிழை என்று சொல்லி நின்றுவிடும். அந்த ஒரு மூட்டையால் டிரைவரின் பட்டியல் முழுவதும் வெள்ளையாகத் தெரியும். "தெரியாதது" என்று ஒரு பெயரையே பட்டியலில் சேர்த்து, புரியாதது வந்தால் அதில் விழும்படி செய்தோம். அசிங்கம்தான், வேலை செய்கிறது.

கூட வரும் உபரிகள் நன்றாகவே இருக்கின்றன. ஈனம்செட் என்று ஒன்று, ஈனத்தின் பெயர்களில் சிலவற்றைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு. 64 பெயர்கள் வரை இருந்தால் முழுத் தொகுப்பையும் ஒரே ஒரு 64 பிட் எண்ணுக்குள் அடக்கிவிடும். புக்கிங் கிளார்க்குக்கு என்னென்ன அனுமதி, குடோன் கிளார்க்குக்கு என்னென்ன அனுமதி என்று முன்பு பிட்டுகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்ததை எல்லாம் இதில் போட்டோம். வேகம் அதே, படித்தால் புரிகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் ஈனம்மேப்பை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு வாடிக்கையாளரின் அக்கவுண்டன்ட். "மேடம், தினமும் மெயிலில் வரும் ரிப்போர்ட்டில் நேற்று பெய்டு முதலில் இருந்தது, இன்று டு பே முதலில் இருக்கிறது, எக்ஸலில் ஒட்டினால் கணக்கு தப்பாகிறது" என்றார். சாதாரண ஹாஷ்மேப்பில் ஈனத்தைச் சாவியாக வைத்திருந்தோம். ஹாஷ்மேப்பில் எது எங்கே உட்காரும் என்பதைத் தீர்மானிப்பது ஹாஷ் எண். ஈனத்தின் ஹாஷ் எண் அந்த ஆப்ஜெக்ட்டின் அடையாளத்திலிருந்து வருவது, நாம் மாற்றி எழுதவும் முடியாது, சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினால் வேறாகலாம். எண் மாறினால் வரிசையும் மாறும். ஈனம்மேப் அறிவித்த வரிசையிலேயே தரும். ஒரு சொல் மாற்றம், அக்கவுண்டன்ட் சமாதானம். இதே காரணத்தால் ஈனத்தின் ஹாஷ் எண்ணை வைத்து வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிட நினைக்காதீர்கள். ஒரே பெய்டுக்கு ஒவ்வொரு சர்வரும் ஒவ்வோர் எண் சொல்லும்.

இவ்வளவு புகழ்ந்ததால் எல்லாவற்றையும் ஈனமாக்கலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. எங்கள் அலுவலகப் பையன் ஒருவன் கிளம்பினான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது விகிதங்களை ஈனமாக எழுதினான்: பூஜ்யம், ஐந்து, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தெட்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டினேன். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி அடுக்குகளைக் குறைத்தது. லாரி சரக்குப் போக்குவரத்தில் உள்வரிச் சலுகையோடு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) 12 சதவீதம் கட்டிவந்தவர்களுக்கு 22ஆம் தேதியிலிருந்து 18 என்று ஆனது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அவசரத்தில், "பன்னிரண்டு" என்ற பெயருக்குள் இருந்த மதிப்பை 18 என்று மாற்றிவிட்டாள். பெயர் பன்னிரண்டு, வயிற்றுக்குள் பதினெட்டு. நல்லவேளை, சோதனை சர்வரிலேயே பார்த்துவிட்டோம். பார்க்காமல் விட்டிருந்தால், ஆகஸ்ட் மாத பில்லை மறுபடி அச்செடுக்கும்போது அதிலும் 18 விழுந்திருக்கும்.

அவளைக் குறை சொல்லவில்லை. விகிதம் ஈனத்தில் இருந்ததுதான் தப்பு. ஈனம் எழுதும் முன் நான் இப்போது ஒரு கேள்விதான் கேட்கிறேன்: இந்தப் பட்டியலின் சொந்தக்காரர் யார்? பெய்டு, டு பே, அக்கவுண்ட், எஃப்.ஓ.சி. என்பதில் புதிதாக ஒன்று வந்தால் எப்படியும் நிரலில் புதிதாக ஏதாவது எழுதியே ஆக வேண்டும், அதன் காசு எங்கே போகிறது என்று யாராவது யோசித்து எழுத வேண்டும். அதற்கு ஈனம். வரி விகிதத்தை டெல்லியில் முடிவு செய்கிறார்கள், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் அவர்களே சொல்கிறார்கள், கணக்குப் போடும் முறை மாறுவதில்லை. அதற்கு டேபிள், அதில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. கிளைகளின் பெயர், வண்டி மாடல், மில்களின் பட்டியல் எல்லாம் டேபிள்தான். ஒருவர் ஊர்ப் பெயர்களையெல்லாம் ஈனமாக்கி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். புதிதாகக் கிளை திறக்கும் ஒவ்வொரு முறையும் பூஜை முடிந்ததும் சர்வரை நிறுத்திப் புதிய நிரல் ஏற்றுவார்கள்.

தரவுத்தளத்திலேயே ஈனம் வைக்கலாமே என்று கேட்பார்கள். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் அப்படி ஒரு வகை உண்டு. பெயர் சேர்க்கலாம், சேர்த்ததை நீக்க வழியில்லை, வகையையே புதிதாக உருவாக்கி மாற்ற வேண்டும். நான் தொடுவதில்லை.

மற்ற மொழிகளையும் ஓரளவு பார்த்திருக்கிறேன். சி ஷார்ப்பில் இன்னும் அடியில் எண்தான் இருக்கிறது. பட்டியலில் இல்லாத 99ஐக் கொண்டுபோய் நிலையாக மாற்றச் சொன்னால் மாற்றித் தந்துவிடும், ஒரு முறை பார்த்துவிட்டு நம்பிக்கை போய்விட்டது. பைத்தானில் 2014ல், 3.4 பதிப்பில் வந்தது, சின்ன வேலைகளுக்குப் போதும். பிஎச்பிகூட 2021ல் 8.1 பதிப்பில் சேர்த்துக்கொண்டது. கோ மொழியில் இன்றுவரை தனியாக இல்லை, எண்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு 2003 ஞாபகம் வந்துவிடும். பொறாமையாக இருப்பது ரஸ்டைப் பார்த்துத்தான். அங்கே பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் தனக்கென்று வேறு வேறு தரவைச் சுமக்க முடியும்: டெலிவரி ஆனது என்றால் கையெழுத்துப் போட்டவர் பெயர், திரும்பியது என்றால் காரணம், மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. ஜாவா ஈனத்தில் எல்லோருக்கும் ஒரே அச்சுச் சட்டைதான். அப்படி வேண்டுமென்றால் ஜாவா 17ல் வந்த சீல்டு கிளாஸ் (வாரிசுகளின் பட்டியல் மூடப்பட்ட கிளாஸ்) பக்கம் போக வேண்டும். எங்கள் டெலிவரி விவரத்தை அப்படித்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம், பாதியில் நிற்கிறது.

கடைசியாக ஒன்று, இதை நம் ஊர்க்காரர்கள்தான் ரசிப்பார்கள். ஜாவாவில் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். தொடக்கத்திலிருந்தே யூனிகோடு அனுமதி உண்டு, ஜாவா 18லிருந்து யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப் 8 தான் இயல்பு என்பதால் விண்டோஸிலும் தனியாக எதுவும் சொல்லாமலே கம்பைல் ஆகிறது. ஒரு பொங்கல் விடுமுறையில் சரக்கு நிலை முழுவதையும் தமிழ்ப் பெயர்களோடு ஈனமாக எழுதிப் பார்த்தேன். பிரமாதமாக ஓடியது. பிறகு தம்பி தன் மடிக்கணினியில் அதற்கு ஒரு சோதனைக் கோப்பு எழுதினான். "குடோன்" என்ற பெயரைக் கொடுத்துக் கேட்டால் அப்படி ஒன்றே இல்லை என்று எக்ஸெப்ஷன். திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே குடோன், ஓர் எழுத்துகூட மாறவில்லை. அரைமணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகு பைட்டுகளைத் திறந்தோம். என் விசைப்பலகை "டோ"வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போட்டிருந்தது. அவனுடையது முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டாகப் போட்டிருந்தது. கண்ணுக்கு ஒன்று, யூனிகோடில் இரண்டு வடிவம், ஜாவா இரண்டையும் சமப்படுத்திப் பார்ப்பதில்லை. வேண்டுமென்றால் ஒரே ஈனத்துக்குள் குடோன், குடோன் என்று இரண்டு பெயர் வைக்கலாம், கம்பைலர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும். வைத்தும் பார்த்தோம். ஓகாரமும் ஒகரமும் இல்லாத சொற்களாகப் பார்த்துப் பெயர் வைப்பது என்று தீர்மானித்தோம். அப்படியானால் "லோடு" என்பதற்கு என்ன வைப்பது என்பதில் பொங்கல் முடிந்துவிட்டது.

அலுவலக நிரலில் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. சரக்கு நிலை ஈனத்தின் தலைக்கு மேல் மட்டும் ஒரு தமிழ்க் குறிப்பு இருக்கும், 2014 ஞாயிறு சாயங்காலம் நான் எழுதியது: "வரிசையை மாற்றாதே. நடுவில் சேர்க்காதே. சேர்த்தால் போனை நீயே எடு." குறியீட்டுக்கு மாறிய பிறகு அந்தக் குறிப்புக்கு வேலையே இல்லை, எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைக்கலாம். புதிதாகச் சேர்கிறவர்களிடம் நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்றுவரை எல்லோரும் கடைசியில்தான் சேர்க்கிறார்கள். குறிப்பையும் யாரும் அழிக்கவில்லை.